இடது பின்கதவு ஸ்பீக்கர்

ஸுதர்சன் சார் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நல்ல உச்சி வெயில். தாவீதின் கடையில் பேய் வருவதற்கு ஏற்ற சூழ்நிலை எதுவும் இல்லை. கரண்ட் இருந்தது. எதிர்க்கடையில் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சிபுரத்தில் கார் ஆடியோ என்றால் தாவீதுதான். கம்பெனியிலிருந்தே வரும் செட்டின் மேல் அவனுக்குத் தீராத இளக்காரம். சேலை எடுக்க நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கும் ஊர், காதுக்கு மட்டும் கம்பெனி கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு போகிறதே என்பது அவனுடைய சமூகக் கவலை.

"டாப் மாடலா சார்? பிரீமியம் சவுண்டுன்னு எழுதி ஒட்டியிருப்பான். கல்யாண மண்டபத்து சாம்பார் சார் அது. யாருக்கும் பிடிக்காது, யாரும் திட்டவும் மாட்டாங்க. வெளி செட்டு போட்டுடலாம். ஆம்பு, ஊஃபரு, எல்லாம். சின்ன காஞ்சிபுரத்துல ஆன் பண்ணா தாமல் ஏரியில அலை அடிக்கும்."

சார் சிரிக்கவில்லை. கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்பதால் தாவீது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் கழட்டிடுங்கோ," என்றார். "இடது பின்கதவுல ஒரு சத்தம்."

"எர்த் சரியில்லன்னா என்ஜின் சத்தம் ஏறும் சார்."

"வண்டி ஆஃப்ல இருக்கறச்சேயும் வரது."

தாவீது பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. கதவுப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. வண்டியில் குமட்டும் பிள்ளைகளுக்கு முகரக் கொடுப்பது. காய்ந்த பழத்திலிருந்து இப்போதுதான் நகத்தால் கீறியது போல வாசம் எழுந்தது.

ஸ்பீக்கர் வலையில் காதை வைத்தான்.

மூச்சு.

சின்ன மூச்சு.

பிறகு ஸரளி வரிசை. மேல் ஸ்வரத்துக்கு ஏறும் இடத்தில் பிசிறி, நின்று, திரும்ப முதலிலிருந்து.

வெளியே வந்தபோது அவனிடம் ஒரு ஜோக்கும் மிச்சமில்லை.

"லக்ஷணா," என்றார் சார். "எம் பொண்ணு. ஐப்பசில ஜுரம் வந்து போயிட்டா. அந்தப் பக்கம்தான் உக்காருவா. பாட்டு கிளாஸ் போறச்சே பாடிண்டே வருவா."

"தெரிஞ்சேவா சார் கழட்டச் சொல்றீங்க?"

"ஆத்துக்காரி வத்ஸலா கார்க் கதவச் சாத்திண்டு அதுக்குள்ளயே கெடக்கா. சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. இப்படியே போனா ஒடம்பு தாங்காதுங்கறார் டாக்டர்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணத்தான் காப்பாத்த முடியல. அவ அம்மாவையாவது."

தாவீது கழற்றினான். தூங்கும் குழந்தையின் காலிலிருந்து கொலுசை எடுப்பதுபோல ஸ்க்ரூ ஸ்க்ரூவாக. வயரை வெட்டியதும் பாட்டு பாதியில் நின்றது. புது செட்டில் போட்ட பாட்டு மட்டும் பாடியது. தன் வேலை சுத்தமாக அமைந்ததற்கு வாழ்க்கையில் முதல்முறையாக வருந்தினான்.

கழற்றிய கம்பெனி செட்டைச் சுவர்ப் போர்டில் மாட்டி வைப்பது தொழில் வழக்கம். செகண்ட்ஸ் வாங்க வருபவன் கேட்டுப் பார்ப்பான். கைப்பழக்கத்தில் இதையும் மாட்டிவிட்டான்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியபோது போர்டிலிருந்த எல்லா ஸ்பீக்கரும் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தன.

மெயினை அணைத்தான்.

பாடின.

அந்தக் கதவு ஸ்பீக்கரைப் பிய்த்துத் தெருவில் வைத்தான்.

மற்றவை பாடின.

"அந்தம்மாவாண்ட சொல்லிடுயா," என்றாள் அவன் மனைவி எஸ்தர். "பெத்தவங்க."

"சொன்னா இங்க வந்து குந்திக்குவாங்க. மறுபடியும் பட்டினி."

"அப்ப புள்ள தனியாவே பாடிக்கினு கெடக்கட்டுமா?"



தை பிறந்து ஒரு சாயங்காலம் அந்தக் கார் வந்தது. ஊஃபர் அதிர்வைக் குறைக்கச் சொல்லிச் சார் காரிலேயே இருந்துவிட்டார். வத்ஸலா கடைக்குள் வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

பாட்டு சட்டென்று நின்றது.

"இதெல்லாம் ஏன் இப்படித் துருத்திண்டு இருக்கு?" என்று போர்டைக் காட்டினாள்.

எல்லா ஸ்பீக்கரிலும் நடுக்காகிதம் முன்னால் தள்ளிக்கொண்டு அசையாமல் நின்றது. ஸ்பீக்கர் வயரில் பேட்டரி செல்லைத் தொட்டுப் பிடித்தால்தான் அப்படி நிற்கும். வயரையெல்லாம் அவன் என்றோ பிடுங்கிவிட்டிருந்தான்.

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, என்று தாவீதுக்குப் புரிந்தது.

சொல்லிவிட வாயைத் திறந்தான்.

"வழியில கோவில் இட்லி சாப்ட்டேன்," என்றாள் வத்ஸலா, தனக்கே சொல்வதுபோல. "மிளகு கடிபட்டது. இத்தனை நாளுக்கப்பறம் இன்னிக்குத்தான் ருசி தெரிஞ்சது."

"டிஸ்பிளேக்கு அப்படி வெச்சிருக்குதுமா," என்றான் தாவீது.

ஊஃபரைக் குறைத்துக் கொடுத்ததும் அவள் காரில் ஏறினாள். முன்சீட்டில்.

அடிவரிசையின் சின்ன ஸ்பீக்கர் கிசுகிசுத்தது.

"அம்மா சாப்ட்டாளா?"

"சாப்ட்டாங்கமா."

கார் தெருமுனை திரும்பும்வரை ஒரு சத்தமும் இல்லை.

பிறகு போர்டு முழுவதும் விசும்பத் தொடங்கியது.