வெளியே போன நேரம்

நான்கு வரி வரவேண்டிய இடத்தில் ஐந்து வரி வந்திருந்தது. ஷைனி முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பச்சை எழுத்தில் ‘ஓகே’ என்று இருந்ததால், வேலை முடிந்தது என்ற நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கப்பைக் கீழே வைக்கும்போதுதான் கண் மறுபடி திரைக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குக் கீழே இன்னொன்று.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பழைய கட்டடம் அது. தரைக்கு மேல் மூன்று மாடி. மூன்றாவது மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஆபீசில் இன்று அவள் மட்டும் இருந்தாள். ரயில்வேக்காரர்கள் தண்டவாள வேலைக்கு ஞாயிறு மதியம் ரயில்களை நிறுத்தி மெகா ப்ளாக் போடுகிற மாதிரி, இவர்களும் பெரிய மாற்றம் எதையும் ஞாயிறு மதியத்துக்குத்தான் ஒதுக்குவார்கள். மணி ஒன்றுதான், ஆனாலும் ஜூலை மழை வானத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் ட்யூப்லைட் எரிந்தது. சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம் அடித்தது.

அவர்கள் கம்பெனி செய்வது கேட் ரிஜிஸ்டர். குடியிருப்பு சொசைட்டிகளின் வாசலில் வாட்ச்மேன் சிலேட்டு அளவில் தொடுதிரை டேப் ஒன்று வைத்திருப்பார். வருகிறவர் பெயர், எந்த மாடி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எல்லாம் அதில் பதிவாகும். இப்போதைக்கு வாடிக்கையாளர்கள் நான்கு சொசைட்டிகள், நான்குக்கும் தனித்தனி டேட்டாபேஸ். வெளியே போன நேரத்தை இனிமேல் தனியாக ஒரு புது டேட்டாபேஸில் வைப்பதென்று முடிவாகி, பழையதெல்லாம் காலையிலேயே அங்கே நகலாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: நான்கு பழைய டேட்டாபேஸ்களிலிருந்தும் ‘வெளியே போன நேரம்’ என்ற கட்டத்தை நீக்குவது. இப்படி அமைப்பை மாற்றுவதற்குப் பெயர் மைக்ரேஷன்.

எந்த மைக்ரேஷன் எந்த டேட்டாபேஸுக்குள் போகலாம் என்று சொல்ல ரவுட்டர் என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. அது ‘போகலாம்’ என்று சொல்லும், அல்லது ‘போகாதே’ என்று சொல்லும். இரண்டும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டும் இருக்கும். அப்படி அது வாயை மூடிக்கொண்டால் போகலாம் என்றே அர்த்தம். இந்த வேலைக்கு வந்த எல்லோரும் ஒரு தடவையாவது இதில் சறுக்கியிருப்பார்கள். ஷைனி நான்கு சொசைட்டிகளைப் பற்றியும் ஒழுங்காக எழுதிவிட்டு, பழகிப் பார்ப்பதற்கென்று மூலையில் கிடந்த ஐந்தாவதான டெஸ்ட் டேட்டாபேஸைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லையே என்று பந்தியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் மாதிரி, மாற்றம் அங்கேயும் நுழைந்துவிட்டது. அங்கே எதுவும் நகலாகியிருக்கவில்லை. கட்டம் போனது போனதுதான்.

“போய்த் தொலையுது” என்றாள் வாய்விட்டு. டெஸ்ட் டேட்டாபேஸுக்காக யார் அழப்போகிறார்கள்? பேக்கப் கூட எடுப்பதில்லை. ஆனாலும் வேலையில் சுத்தக்காரி என்பதால், ரவுட்டரைத் திறந்து ‘டெஸ்ட்: போகாதே’ என்று ஒரு வரி சேர்த்து மூடினாள். பையை எடுத்துக்கொண்டாள். மூன்று மணிக்குக் கணவன் பிரைட்டன் நான்கு வயது அனிஷாவையும் வண்டியில் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தான். அவ்வளவு நேரம் எதற்குக் காத்திருப்பது, நாமே பஸ் பிடித்துப் போய் நின்று பிள்ளையைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தாள்.

படிக்கட்டில் கிராம்பு எண்ணெய் வாசம் நின்றது. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் ஞாயிறும் பார்ப்பார். அவள் ஈரமான கைப்பிடியைப் பிடித்து, எங்கோ குழாயில் மழைத்தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி, பூட்டிக் கிடந்த முதல் மாடித் தையற்கடையைத் தாண்டி, அடுத்த வளைவில் திரும்பி, கேட்டின் வெளிச்சமும் வாட்ச்மேன் சந்தியாகுவின் பிளாஸ்டிக் நாற்காலியும் தெரியவேண்டிய இடத்தில், தன் ஆபீஸ் கதவைப் பார்த்தாள்.

யோசனையில் மேலே ஏறிவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடி இறங்கினாள். கிராம்பு வாசம். தையற்கடைப் பூட்டு. வளைவு. ஆபீஸ் கதவு.

மூன்றாம் தடவை ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு இறங்கினாள். கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஒரு முதியவர் அவளுக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தார். வாயில் பஞ்சு. அவருடைய சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கீழே போக வழி எது மகளே என்று இந்தியில் குழறிக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். செருப்புச் சத்தம் கீழே கீழே என்று தேய்ந்துபோய், கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் கேட்டது. மூன்றாம் மாடிக்கு மேல் இந்தக் கட்டடத்தில் மாடியே கிடையாது.

ஷைனி ஆபீசுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே வாட்ச்மேனைப் போனில் கூப்பிட்டாள். சந்தியாகுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனிதர் மதியம் சாப்பிட்டதும் கண்ணசந்துவிடுவார். ஏதோ ஒன்று உறுத்த, டெஸ்ட் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். கடைசி வரிகளில் பல் டாக்டரிடம் வந்தவர்கள். அவற்றுக்கு மேலே: ஷைனி, மூன்றாம் மாடி, உள்ளே வந்த நேரம் 10.42. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அங்கே இருந்த ‘வெளியே போன நேரம்’ கட்டத்தை எடுத்துவிட்டவளே அவள்தான்.

கோவண்டியில் தங்கை மகள் நிக்காஹில் இருந்த நசீர் பாயைக் கூப்பிட்டாள். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“பாய், டெஸ்ட்ல கெடக்கது யாரோட டேட்டா?”

“அதுவாம்மா? நம்ம பில்டிங்தான். மொத மொத டெமோ காட்டதுக்கு நம்ம கேட்லதான டேப் வச்சேன். எட்டு வருசமாச்சு. ஏன், என்ன விஷயம்?”

“அந்த டேப் இன்னும் அதுலதான் எழுதுதா?”

“மாத்தணும் மாத்தணும்னு அப்படியே விட்டுப்போச்சு. இடைஞ்சலா இருந்தா கீழ போயி சந்தியாகு அண்ணாச்சிட்ட ஆஃப் பண்ணச் சொல்லிரு.”

“என்னால கீழ போக முடியல பாய்.”

“அரே, தண்ணி ஏறிட்டா?”

என்னவென்று சொல்வாள்? “ஆமா பாய்” என்று வைத்துவிட்டாள். சொன்னால் பைத்தியம் என்பார். அவளுக்கே அப்படித்தான் பட்டது.

பிரைட்டன் போனை எடுக்கவில்லை. வண்டியில் இருப்பான். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு, சயான் பக்கம் தண்ணீர் ஏறுவதற்குள் தாண்டிவிடப் பறந்துகொண்டிருப்பான். இரண்டு பேரும் இந்தக் கேட்டுக்குள் கால் வைப்பதற்குள் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். அது வெறும் ஒரு வரி வேலை. செய்த மைக்ரேஷனை வந்த வழியே திருப்பி ஓட்டினால் போதும். அந்த வரியை அடித்தாள். பச்சை எழுத்தில் ஓகே வந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து இறங்கினாள். கிராம்பு. பூட்டு. வளைவு. ஆபீஸ் கதவு.

திரும்பி வந்து பார்த்தால் கட்டம் இல்லை. ஓகே என்று சொல்லியிருக்கிறது, ஆனால் கட்டம் இல்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ‘டெஸ்ட்: போகாதே’ என்று அவளே எழுதிச் சேர்த்த அந்த வரி. ரவுட்டர் தடுத்தால், இந்த இயந்திரம் வேலையைச் செய்யாமலேயே செய்துவிட்டதாகத் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும். இப்போது அதன் கணக்கில் கட்டம் நீக்கப்படவே இல்லை. திருப்ப என்ன இருக்கிறது? மறுபடி ஓட்டினாள். செய்வதற்கு எதுவும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது.

மேலே செருப்புச் சத்தம். கிழவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார். இப்போது அழுகிறார்.

போன் அடித்தது. பிரைட்டன்.

“ஏட்டி, முடிஞ்சிட்டா? கேட்டுக்கு வந்தாச்சு.”

“உள்ள வராதீங்க! அங்கனயே நில்லுங்க!”

“இவ பாத்ரூம் போணும்னு குதிச்சிட்டு நிக்கா. அண்ணாச்சி நல்ல தூக்கம். நானே டேப்ல ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டேன். இந்தா, படியேறிட்டோம்.”

“பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க! சொல்லுறதக் கேளுங்க!”

தொடர்பு அறுந்துவிட்டது. திரையில் இரண்டு வரி புதிதாக விழுந்தது. பிரைட்டன். அனிஷா. உள்ளே வந்த நேரம் 2.36.

இனி மைக்ரேஷனாவது மண்ணாவது. ரவுட்டர், விதி, ஒழுங்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு டேட்டாபேஸுக்குள் நேராக நுழைந்தாள். கையாலேயே கட்டத்தைச் சேர்த்தாள். வெளியே போன நேரம். சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை கண்ணால் பார்த்தாள், கட்டம் இருந்தது. “ஏசப்பா” என்று விசும்பினாள்.

கிழவரின் செருப்புச் சத்தம் நின்றது.

கட்டம் காலியாக இருந்தது. புதிதாகச் சேர்த்த கட்டம் காலியாகத்தான் இருக்கும். இன்றைய வரிகளுக்கு மட்டும் இல்லை. நேற்றைய வரிக்கும், போன மாதத்துக்கும், எட்டு வருடத்துக்கும் காலி. தீப்பிடித்தால் பார்ப்பதற்கென்று அவர்கள் செய்திருந்த பக்கம் ஒன்று உண்டு. யாரெல்லாம் இன்னும் வெளியே போகவில்லை என்று காட்டும். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

உள்ளே இருப்பவர்கள்: 41,306.

படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒருவருடையது இல்லை. மழைச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. நனைந்த குடைகளின் வாடை, கிராம்பு வாடை, வியர்வை. கதவு ஒரு தடவை முனகியது. அந்தப் பக்கத்தில் பாரம்.

எல்லா வரிக்கும் ஏதாவது ஒரு நேரத்தைப் போட்டு நிரப்பு என்று ஒரு கட்டளை அடித்தாள். காத்திரு என்றது. வேறு யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடித்தாள். காத்திரு. அடித்தாள். காத்திரு.

கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதில் முகத்தை வைத்தாள்.

நடை முழுக்க ஆட்கள். கன்னத்தில் கை வைத்தவர்கள். பார்சல் சுமந்தவர்கள். கறுத்த தாடியோடு, எட்டு வயது குறைந்த நசீர் பாய். அவர்களுக்கு நடுவில், தோளில் பையோடும் கையில் குடையோடும், வேலைக்கு வந்த ஷைனி. அவளுக்குப் பின்னால் ஷைனி. படிவரைக்கும் ஷைனி. மூன்று வருடமாகத் தினமும் இந்தக் கேட்டுக்குள் வந்தவள் அவள், நாளுக்கு ஒருத்தி.

“அம்மா!”

அனிஷாவின் குரல். படியேறி ஓடி வந்தாள். பின்னால் பிரைட்டன், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. ஷைனி கதவை இழுத்தாள். வெளிப்புறம் திறக்கும் கதவு என்பது மறந்துவிட்டது. தள்ளினாள். தோளால் இடித்தாள். அந்தப் பக்கம் ஆட்கள் சாய்ந்து நின்றிருந்தார்கள். கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். “அனிஷா! இங்க பாரு! நான் இங்க இருக்கேன்!”

மஞ்சள் சுடிதார் போட்ட ஷைனி குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அனிஷா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அதுக்குள்ள எதுக்கு அந்தக் கத்து கத்துன?” என்றான் பிரைட்டன் அவளிடம். “வா, தண்ணி ஏறதுக்குள்ள போயிருவோம்.”

மூன்று பேரும் இறங்கினார்கள். கூட்டம் வழிவிட்டது.

கண்ணாடிக்கு உள்ளே நின்ற ஷைனி அவர்கள் காலடிச் சத்தத்தைக் கவனித்தாள். இரண்டாம் மாடி. முதல் மாடி. வளைவு.

பிறகு தலைக்கு மேல்.

இறங்கி வந்தார்கள். பிரைட்டன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பிள்ளை இப்போது நீலச் சேலை கட்டிய ஷைனியின் இடுப்பில் இருந்தாள். கண்ணாடியைத் தாண்டிப் போனார்கள்.

மறுபடி வந்தார்கள். பச்சைச் சுடிதார். பிரைட்டன் ஓட ஆரம்பித்திருந்தான்.

மறுபடி. வேறொருத்தி. அனிஷா அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கூட்டத்திலிருந்த மற்ற ஷைனிகள் எல்லோரும், தங்கள் முறைக்காக, கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.