ஞாயிற்றுக்கிழமையின் நேர்கோடு

குளிர் அறைக்கு இறால் ஏற்றும் மாக்கிறட் கதிரையில் உட்காரவில்லை.

"சனிக்கிழமையே பழுதான இறாலை ஏத்தினனாம் எண்டு வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், மிஸ். பதினொரு வருசமா மணந்து பாத்துத்தான் எடுக்கிறனான்."

மீனவர் சங்கத்தின் விசாரணையாளர் சபூரா கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பேசாலைக் குளிர் அறையின் வெப்பமானியை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கேட்டு, வரும் விடையைப் பதியும் மென்பொருள் அதில் இருந்தது. மாலை வகுப்பில் படித்ததை வைத்து அதைப் பொருத்தியவள் அவருடைய உதவியாளர் றொஷேல். அன்றிலிருந்து எதையோ பிழையாகச் செய்துவிட்டோமோ என்ற பயம் அவளை விடவில்லை.

பதிவில் ஞாயிறு பகல் முழுவதும் இரண்டு பாகை. திங்கள் காலை கதவைத் திறந்தால் இறால் நாறியது. அறை குளிராகவே இருந்ததென்றால், குற்றம் ஏற்றியவளுடையதுதான்.

"ஞாயிறு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை, ராத்தா. கதவு திறபடாது. கோடு நேராத்தானே இருக்கும்?" என்றாள் றொஷேல்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம். அதுக்கு முந்தின ஞாயிறைக் காட்டுங்கோ."

அதில் மூன்று மணி நேரத்துக்கொரு சிறு மேடு இருந்தது. குழாயில் படிந்த பனியை உருக்க இயந்திரம் தானாக நிற்கும் நேரங்கள் அவை. இந்த ஞாயிறு காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை ஒரு மேடுகூட இல்லை. திருத்த வேலைக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்ததும் அதே நேரம்தான்.

அறைக்குப் பின்னால் ஜெனரேற்றரைக் காட்டி, குளிர் அறை முகாமையாளர் மில்ரன் சிரித்தார்.

"கரண்ட் நிண்டா என்ன, மிஸ்? ஜெனரேற்றர் பின்னேரம் வரைக்கும் ஓடினது. உங்கட பெட்டியே சாட்சி."

சபூரா குனிந்து ஜெனரேற்றரைத் தள்ளிச்செல்லும் சக்கரத்தைப் பார்த்தார். அச்சில் ரோஜா நிறப் பந்தல் துணிக் கிழிசல் சுற்றிக் கிடந்தது.

"ஓடியிருந்தா மேடு விழுந்திருக்கும். ஓடாட்டி வெப்பமானிக்கும் கரண்ட் இல்லை, அது விடை சொல்லாது. றொஷேல், விடை வராட்டி உங்கட மென்பொருள் என்ன செய்யும்?"

பற்றரியில் இயங்கும் கணினி மட்டும் அன்று விழித்திருந்தது. றொஷேல் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு செக்கன் பொறுத்துப் பாக்கும். பிறகு... கடைசியா வந்ததையே திருப்பி எழுதும்."

"ஆர் அப்பிடி வைக்கச் சொன்னது?"

"மில்ரன் அண்ணை. இடைவெளி விழுந்தா மேலிடத்துக்கு விளக்கம் எழுதோணுமாம். நான் ஓம் எண்டிட்டன்."

"அப்ப ஜெனரேற்றர் இல்லாட்டியும் கோடு நேரா நிக்கும் எண்டு தெரிஞ்ச ஆள் இவர்." சபூரா திரும்பினார். "ஆரின்ர வீட்டுப் பந்தல், மில்ரன்?"

மில்ரனின் சிரிப்பு அடங்கியது. "தங்கச்சி மகள் கோயில்ல முதல் நன்மை வாங்கின கொண்டாட்டம், மிஸ். ஜெனரேற்றரை மத்தியானத்துக்குள்ள திருப்பிக் கொண்டு வந்திடலாம் எண்டுதான்..."

அன்று மாலை, மாக்கிறட் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு றொஷேலைப் பார்த்தாள்.

"விடை வரேல்லை எண்டே எழுத விட்டிருக்கலாமே, பிள்ளை?"

"இடைவெளியில்லாமல் வடிவா இருக்குமெண்டு..."

"மில்ரன் ஒருக்காத்தான் பொய் சொன்னவன். உன்ர பெட்டி ஐஞ்சு நிமிசத்துக்கொருக்காச் சொல்லியிருக்கு."

றொஷேல் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். மாக்கிறட் சபூராவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வாறன் எண்டு சொல்லுங்கோ, மிஸ். ஆனா இந்தப் பிள்ளை என்ர குளிர் அறைக்குள்ள கால் வைக்கப்படாது."