முதல் தாரம் தங்காது

அகில உலகமும் கவனிக்க! நவகிரகங்களும் காது கொடுத்துக் கேட்க! உஜ்ஜயினி மாநகரின் ஜோதிட மார்த்தாண்டர் பண்டிட் வாசஸ்பதி வியாஸ் அவர்களின் திருமாளிகையில், சுக்கிரன் உச்சத்தில் வீற்றிருந்த ஒரு மங்கலமான காலைப் பொழுதில்...

மருமகள் வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்தாள்!

பெயர் ரேவா. ஷாஜாபூர்ப் பக்கத்து ஏழை வீட்டுப் பெண். கையில் கல்யாண மருதாணியின் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

ட்ரிங்... ட்ரிங்...

போலீஸ் ஸ்டேஷனில் போனை எடுத்தாள் இன்ஸ்பெக்டர் பர்கா சிசோதியா.

"வியாஸ் வீட்டு மருமகளைக் கொல்றாங்க... ஓடி வாங்க!"

ஒரு பெண்ணின் கிசுகிசுப்பு. கட்!

பர்கா போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் யாரும் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே உச்சரித்திருக்கவில்லை. மாறாக, ரேவாவின் தலைமாட்டில் கங்கை ஜலச் செம்பு தயாராக இருந்தது.

மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே!

ரேவாவைத் தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள் பர்கா.

"என்ன சாப்பிட்டா?"

"பிள்ளை வரம் வேண்டி ஒரு பரிகாரக் கஷாயம்." வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார் பண்டிட்ஜி. "நானே மந்திரிச்சுக் கொடுத்தேன்."

"கஷாயம் வெச்ச பாத்திரம்?"

"சாம்பல் போட்டுத் தேய்ச்சாச்சு. சுத்தம் முக்கியம் பாருங்க."

மூலையில் அவருடைய மகன் நீலாம்பர் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"உன் பெண்டாட்டிதானே சாகக் கிடக்கறா? ஏதாவது வாயைத் திறக்கிறியா?"

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்..."

முப்பது வயதுக் கன்றுக்குட்டி!

அப்போது வாசலில் ஒரு தலைப்பாகை எட்டிப் பார்த்தது.

"பண்டிட்ஜி! மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வெள்ளையா, பழுப்பா? இந்தூர்ச் சம்பந்தி வீட்ல வெள்ளைதான் வேணுமாம்..."

காக்கிச் சட்டையைப் பார்த்தான். தலைப்பாகை மறைந்தது.

பர்கா மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த மாப்பிள்ளை பண்டிட்ஜி?"

பண்டிட்ஜி சிரித்தார். "ஒளிக்க என்ன இருக்கு? நீலாம்பர் ஜாதகம் அப்படி. முதல் தாரம் தங்காது. ரெண்டாவதா வர்றவதான் மகாலட்சுமி. அவளாலதான் வம்சம் விளங்கும். இந்தூர் பில்டர் பொண்ணு..."

"அதனால சாகறதுக்குன்னே ஒருத்தியைக் கட்டிட்டு வந்தீங்க!"

"விதி மேடம். சூரிய பகவான் வீட்டிலேயே நடந்திருக்கே! அவர் பெண்டாட்டி சம்ஞா பிறந்த வீட்டுக்குப் போறப்ப தன் நிழலைத்தானே அவருக்குப் பெண்டாட்டியா விட்டுட்டுப் போனா? நிழல் மனைவிக்குப் புராணத்திலேயே இடம் உண்டு."

பர்கா எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள். இந்த ஆளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"அந்த நிழல் பெத்த பிள்ளை பேரு சனி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு..."

"வந்துட்டான்னு வெச்சுக்கங்க."

அவள் செல்போன் அலறியது. ஆஸ்பத்திரி டாக்டர்!

"மேடம், நாடி விழுந்துட்டே இருக்கு! பூச்சி மருந்தா, அரளியா, ரத்தக் கொதிப்பு மாத்திரையா? எல்லாம் ஒரே மாதிரிதான் காட்டும். வைத்தியம் மட்டும் வேற வேற! என்ன கொடுத்தாங்கன்னு உடனே தெரியணும்... இல்லேன்னா பொண்ணு போயிடுவா!"

"லைன்லயே இருங்க டாக்டர்!" ஸ்பீக்கரைப் போட்டாள். "பண்டிட்ஜி, என்ன கலந்தீங்க?"

"விதி."

"தூக்குல தொங்குவீங்க!"

"எனக்கு இப்ப ராஜயோக தசை. கைவிலங்கு என் ஜாதகத்திலேயே இல்லை." வெற்றிலை கன்னத்துக்குள் போனது.

டமார்!

சமையலறையில் ஏதோ உடைந்தது. அந்த வீட்டில் சமையலறைச் சத்தத்தை யாரும் சட்டை செய்வதில்லை. உள்ளே இருப்பது பண்டிட்ஜியின் மனைவி கேசர்பாய்தானே!

சிறிது நேரத்தில் அவளே வந்தாள். முகம் மூடிய முந்தானை. கையில் பானை ஓடுகள். அவற்றில் சிவப்புக் கயிறு, செந்தூரம்.

கணவரின் காலடியில் கொட்டினாள்.

"நீலாம்பர் அப்பா... இதோ கிடக்கறா நம்ம மூத்த மருமக."

"என்னடி உளர்றே?"

"சின்ன வயசிலேயே இவன் ஜாதகத்தைக் கணிச்சு, முதல் தாரம் தங்காதுன்னு சொன்னீங்கள்ல? பயந்துட்டேன். எங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பானைக்கு மாலை போட்டு, செந்தூரம் வெச்சு, இவனை ஏழு சுத்து சுத்த வெச்சேன். அப்புறம் போட்டு உடைச்சு, ஓடுகளைப் பத்திரமா எடுத்து வெச்சேன். முதல் தாரம் அன்னிக்கே போயிட்டா!"

வெற்றிலை வாயிலிருந்து விழுந்தது.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"என்னை எப்பப் பேச விட்டீங்க?"

பண்டிட்ஜி விரல் விட்டு எண்ணினார். பானை ஒன்று... ரேவா இரண்டு... இந்தூர்க்காரி...

"அய்யோ! அப்ப ரேவாதான் ரெண்டாம் தாரமா?"

"ஆமா. உங்க மகாலட்சுமி. ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கிடக்கறா."

பண்டிட்ஜி பாய்ந்தார். பர்கா கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு அலறினார்.

"டாக்டர்! மஞ்சள் அரளி! கொட்டையை அரைச்சு நான்தான் கஷாயத்துல கலந்தேன்! என் வம்சத்தைக் காப்பாத்துங்க!"

"அரளியா? சிஸ்டர்..!" டாக்டர் ஓடும் சத்தம் கேட்டது.

க்ளிக்! ஜாதகத்தில் இல்லாத கைவிலங்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

"மேடம், அப்பாவைக் கூட்டிட்டுப் போனா இந்தூர்க் கல்யாணம்...?" என்று இழுத்தான் நீலாம்பர்.

"நீயும் ஜீப்ல ஏறு. உனக்கும் நல்ல நேரம்தான்."

மதியம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. ரேவா கண் விழித்துவிட்டாள். கேட்ட முதல் கேள்வி, "இனிமே அந்த வீட்டுக்குப் போக வேண்டாமே?"

ஓடுகளைச் சாட்சியமாக எடுத்துப்போக வந்த பர்கா, கேசர்பாயைக் கூர்ந்து பார்த்தாள்.

"காலையில போன் பண்ணினது நீங்கதானே அம்மா?"

முந்தானை விலகியது. முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள் பர்கா. பல் தெரியச் சிரித்தது!

"என்ன கலந்தார்னு மட்டும் எனக்குத் தெரியலம்மா. அவர் வாயாலதானே வரவழைக்கணும்?"

"அப்ப அந்தப் பானைக் கல்யாணம்? புரோகிதர் யாரு?"

"எந்தக் கல்யாணம்?"

பர்கா ஒரு பானை ஓட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

மாங்காய் ஊறுகாய்.