ரங்கூன் பெட்டியில் ஒரு தாள் குறைவு

காலை 10.20. ரங்கூன் பெட்டியில் ஒரு கடிதத்தைக் காணவில்லை.

பெட்டி அரிமளம் வசந்தகுமாருடையது. அவருடைய தாத்தா ரங்கூன் இந்தியத் தூதரகத்தில் அதிகாரியாக இருந்தவர். தாத்தாவுக்கு வந்த கடிதங்களை வெளியுறவு வரலாற்று ஆய்வுக்காக நான்கு நாட்களாக வசந்தகுமார் வீட்டுக்கு வந்து படித்த ரம்யாதான் முதலில் கவனித்துச் சொன்னாள். சொன்னதே வினையாயிற்று. நேற்று மாலை அவளே எடுத்துப் போய்விட்டாள் என்று வசந்தகுமார் போலீசுக்குப் புகார் எழுதிவிட்டார். திருட்டுப் பட்டம் விழுந்தால் எந்த ஆவணக் காப்பகமும் இனி அவளை உள்ளே விடாது.

11.05. சப்-இன்ஸ்பெக்டர் மரிய செல்வி வாசல் பந்தலைக் கடந்து வந்தார். நாளை மறுநாள் அந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம்.

“பெட்டி எங்க இருந்துச்சு?”

“மாடியில. சொந்தக்காரங்க தங்கணும்னு நேத்து ராத்திரி என் சம்சாரம் பொற்கொடி சாமி ரூம் பக்கத்துல எறக்கி வச்சா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க” என்றார் வசந்தகுமார்.

செல்வி பெட்டியைக் கிளறினார். பழைய ஸ்டாம்ப் ஒட்டிய கவர்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

“காணாமப் போனது எப்படி இருக்கும்?”

ரம்யா முன்னால் வந்தாள். “ஒத்தத் தாள் மேடம். வெளிநாட்டுத் தூதர் எழுதுனது. எல்லைப் பேச்சுவார்த்தைக்கு அவங்க நாடு மொதல்ல சம்மதிச்சதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். அப்ப அவங்க அரசர் எறந்திருந்தாரு. துக்கம் முடியுற வரைக்கும் கறுப்புக் கரை போட்ட தாள்லதான் எழுதுவாங்க.”

செல்வி சட்டென்று நிமிர்ந்தார்.

11.40. “எடுத்தது உங்க வீட்டம்மாதான்” என்றார் வசந்தகுமாரிடம். “திருடன்னா காசு பெறுற பழைய ஸ்டாம்பை விட்டிருக்க மாட்டான். இந்தப் பொண்ணுன்னா காணோம்னு தானே வந்து சொல்லாது. இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு அந்தத் தாள்ல தெரியுறது கறுப்புக் கரை மட்டுந்தான். கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குறதை யாரு கல்யாண வீட்டுக்குள்ள வைப்பா?”

கதவோரம் நின்ற பொற்கொடி அழுதுவிட்டார். “சாமி ரூம் வாசல்ல வந்து விழுந்துச்சும்மா. எம்பொண்ணு தாலிக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்.”

“கிழிச்சுட்டீங்களா?”

ரம்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கிழிக்கத்தான் போனேன். பெரியவரு வச்சிருந்ததாச்சேன்னு மனசு வரல. மோட்டார் கொட்டகையில சொருகி வச்சிருக்கேன். இவரு போட்ட சத்தத்துல அதைச் சொல்ல வாய் வரல.”

கடிதம் முழுசாகக் கிடைத்தது. வசந்தகுமார் ரம்யாவின் முகத்தைப் பார்க்காமல், “சரி, போனது போகட்டும்மா” என்றார்.

செல்வி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “அப்படிப் போகாதுங்க. திருடின்னு கைப்பட எழுதுனீங்கல்ல, திருடலன்னும் கைப்பட எழுதுங்க. நாளைக்கு யாராவது கேட்டா இந்தப் பொண்ணுக்கும் ஒரு ஆதாரம் வேணும்.”

வசந்தகுமார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை இரண்டு முறை படித்து மடித்து வைத்த பிறகுதான் ரம்யா மறுபடி ரங்கூன் பெட்டி பக்கம் போனாள்.