வவ்வால் மலைக்குள் ஒரு கப்பல்

"மலைக்குள்ளே கப்பலா!"

தோட்டத்துக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. சிரிப்புக்கு ஆளானவர் லாரி ஓட்டுநர் வீராசாமி. கெடா மாநிலத்தில் சுங்கை மெராக் ரப்பர் தோட்டத்தில் அவரைக் 'கப்பல் வீராசாமி' என்றால்தான் யாருக்கும் தெரியும். வாலிப வயதில், காணாமல் போன ஆட்டைத் தேடி வவ்வால் மலையின் குகைக்குள் போனவர், ஒரு பாறைத் தட்டில் மண் வில்லைகளைப் பார்த்தார். உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் ஒரு கப்பல், கப்பலுக்குக் கீழே எழுத்து. சாமி காரியமாயிருக்கும் என்று பயந்து, தொடாமல் திரும்பிவந்து, கண்டதைச் சொன்னார். அன்று தொடங்கிய சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இப்போது அந்த மலைக்கே ஆபத்து வந்துவிட்டது. கல்லுடைக்கும் கம்பெனி ஒன்று மலையை வாங்கியிருந்தது. ஓரத்தில் நாலைந்து வேட்டு வைத்துப் பார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் மொத்தமாக வெடிக்கப் போகிறார்கள். அருங்காட்சியகத்து அதிகாரி ஹாஷிமிடம் ஓடினார் வீராசாமி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழங்காலத்துப் பொருள் ஏதாவது கண்ணில் காட்டுங்கள், வேலையை நிறுத்துகிறேன். வெறும் பேச்சை வைத்து நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். லாரியில் அடிபட்ட காலோடு வீராசாமியால் மலை ஏற முடியாது.

"நான் போறேன்ப்பா," என்றாள் மகள் செண்பகவல்லி.

தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை அவள். வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையில் கப்பல் வரைந்துவிட்டு ஓடுவார்கள்; அவளே அதை அழிப்பாள். அப்பா பொய் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும், காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய சித்தி மகன் இளமாறன், தோட்ட அலுவலகத்தில் குமாஸ்தா. கயிறு, பாராங்கத்தி, கடன் வாங்கிய கேமரா எல்லாம் அவன் பொறுப்பு. இன்னொருத்தி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் தெய்வானை. பாறை ஏறுவதில் ஆண்களைத் தோற்கடிப்பவள். நெற்றி விளக்கும் பால் வாளியும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள்.

"வாளி எதுக்கு அக்கா?" என்று கேட்டான் இளமாறன்.

"புதையல் கெடச்சா உன் சட்டப் பையிலயா அள்ளிக்கிட்டு வருவே? சும்மா வாடா!"

காலை வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். பால்மரக் காடு முடிந்ததும் அட்டைகள் காலைப் பிடித்தன. வழி நெடுக இளமாறன் வாய் மூடவில்லை.

"பாருங்க, அது சோழர் கப்பலாத்தான் இருக்கும்! நம்மாளுங்க கடல் தாண்டி வந்து கடாரத்தை அடிச்சாங்களே, அதோட அடையாளம். எழுத்தும் தமிழாத்தான் இருக்கும். நாம இங்க பால்மரம் வெட்ட வந்த கூட்டமில்ல, ஜெயிக்க வந்த கூட்டம்!"

"உங்க தாத்தா என்னாத்த ஜெயிச்சாரு? கங்காணிகிட்ட ஒதை வாங்கினதா எங்கப்பா சொல்லுவாரு," என்றாள் தெய்வானை.

கடாரம் என்ற பழைய கெடாவுக்குப் பள்ளிப் பாடத்தில் ஒரே ஒரு வரி. சோழர்கள் கடாரத்தை வென்றார்கள். சரி, வென்றார்கள். வெல்லப்பட்டவன் யார்? இந்த நீரிணையில் போகிற வருகிற கப்பலெல்லாம் பணிந்து போன துறைமுகம் அல்லவா அது? அவன் என்ன பாடினான், எந்தச் சாமியைக் கும்பிட்டான்? அதற்கெல்லாம் பாடத்தில் இடமில்லை. வென்றவர்களாவது நிலைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சோழனும் போனான். நேற்று வந்த வெள்ளைக்காரனும் போனான். அவன் துரை பங்களாவில் இன்று கோழி வளர்க்கிறார்கள். ஒவ்வொருவரும் போகும்போது கையில் கிடைத்ததை உடைத்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது!

ஓடையைக் கடந்து, மூங்கில் புதரை வெட்டி விலக்கியதும் குகை வாய் தெரிந்தது. ஆள் குனிந்து நுழையும் அளவுதான். உள்ளே மூக்கைத் துளைக்கும் வவ்வால் எச்ச நாற்றம்.

"விளக்கைத் தாழ்த்திப் பிடிங்க!" என்று செண்பகவல்லி சொல்லி வாய் மூடவில்லை, ஆயிரக்கணக்கில் வவ்வால்கள் கிளம்பின! முகத்திலும் தோளிலும் மோதி, இருட்டே சிறகு முளைத்துப் பறந்ததுபோல் வெளியே பாய்ந்தன. மூவரும் தரையோடு தரையாகக் கிடந்தார்கள்.

அப்பா சொன்ன வழியில் இடது பக்கம் திரும்பினார்கள். வயிற்றால் ஊர்ந்து போக வேண்டிய பொந்து ஒன்று. அதைத் தாண்டினால் பெரிய கூடம். கூடத்தின் நடுவே தரை பிளந்து கிடந்தது. கல்லை உருட்டிவிட்டால் விழும் சத்தம் கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு பாத அகலத்துக்கு விளிம்பு.

"கயித்த இடுப்புல கட்டு. கீழ பாக்காதே," என்று முன்னால் போனாள் தெய்வானை. இரண்டாவதாகப் போன செண்பகவல்லியின் காலடியில் பாறை பெயர்ந்தது! அடுத்த கணம் அவள் வெறும் இருட்டில் தொங்கினாள்.

"அக்கா!"

"கத்தாதே, இழு!" தெய்வானை சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். இளமாறனின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. மேலே வந்து விழுந்த செண்பகவல்லி கயிற்று முடிச்சை மறுபடி இறுக்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்று தெய்வானை கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள்.

அப்பா சொன்ன பாறைத் தட்டு அந்தப் பக்கம் இருந்தது. இருந்தது! ஆனால் கம்பெனி வைத்த வேட்டில் கூரை இடிந்து தட்டின் மேல் விழுந்திருந்தது. எங்கு பார்த்தாலும் உடைந்த வில்லைகளின் தூளும் சில்லும். கற்களைப் புரட்டிப் புரட்டி விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம் என்று தோன்றிய நேரத்தில், தட்டின் உள்மூலையில் தெய்வானையின் கை எதையோ தடவியது.

முழு வில்லைகள்! வவ்வால் எச்சம் படிந்து வறட்டிபோல் இருந்தன. உருவம் தெரியவில்லை. ஆனால் விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தெரிந்தன. செண்பகவல்லி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்பா, இருக்குப்பா!" என்று அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னாள். கேமராவில் வெளிச்சம் போடும் வசதி இல்லை. முழுசாக இருந்த அத்தனையையும் தலைத்துணியில் சுற்றி, வாளியில் பத்திரமாக வைத்து, வந்த வழியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுவந்தார்கள். அந்த விளிம்பில்கூட ஒரு வில்லைக்கும் கீறல் விழவில்லை.

ஓடைக்கரையில் நல்ல வெயில். இளமாறன் கேமராவைத் திறந்தான்.

"இரு," என்றாள் செண்பகவல்லி. "இப்படி அழுக்கோடவா எடுக்கிறது? கழுவிட்டு எடுப்போம்."

நம் வீட்டில் யாரை அப்படியே படம் எடுத்திருக்கிறோம்? குழந்தையானால் குளிப்பாட்டி, பவுடர் அடித்து, பொட்டு வைத்து. சாமியானால் நீராட்டி, சந்தனம் சாத்தி. அழுக்கோடு காட்டுவது அவமரியாதை. மூவரில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை.

"மத்ததெல்லாம் வாளித் தண்ணியில ஊறட்டும். காஞ்ச பீ சுலபத்துல போவாது," என்று தெய்வானை வாளியை ஓடையில் முக்கினாள். பாத்திரம் ஊறப் போடுவதுபோல் வில்லைகள் உள்ளே இறங்கின. கையில் இருந்த ஒன்றின் மேல் செண்பகவல்லி குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

எச்சம் கரைந்து ஓடியது. கப்பல் வந்தது.

என்ன அழகு! பாய் விரித்து, மூக்கை உயர்த்தி, அலைமேல் ஏறுகிற கப்பல். துடுப்புகள் மயிரிழையாய் நீண்டிருந்தன. கீழே ஒரு வரி எழுத்து, பாதி அழுக்கில்.

"கப்பல்! கப்பல்!" தெய்வானை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள்.

"எழுத்து தெரியலக்கா! தமிழான்னு பாப்போம், இன்னும் கொஞ்சம் ஊத்து!" இளமாறன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே கத்தினான்.

அவள் ஊற்றினாள்.

எழுத்து வளைந்தது. தமிழ் இல்லை, அவர்கள் அறிந்த எந்த எழுத்தும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளும் முன்பே அது குழைந்தது. பாய் மடிந்தது. விரலிடுக்கில் ஏதோ வழிகிறதே என்று அவள் குனிந்து பார்த்தாள். சேறு!

சுடாத மண். ஈர மண்ணில் அச்சைக் குத்தி, நிழலில் உலர்த்தி, வேண்டுதலாக வைத்துவிட்டுப் போனது. மழை எட்டாத குகையில் ஆயிரம் வருஷம் ஆனாலும் இருந்திருக்கும்.

"வாளி!" என்று அலறினாள் செண்பகவல்லி.

தெய்வானை கையை விட்டுத் துழாவினாள். குழம்பு. அடியில் கொழகொழவென்று குழம்பு மட்டும். இளமாறன் அப்போதுதான் பொத்தானை அமுக்கினான். படத்தில் பின்னாளில் தெரிந்தது சேறு வழியும் இரண்டு கைகள்தான்.

இளமாறன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "கடாரத்தை நம்மாளுங்க அழிச்சாங்கன்னு வழியெல்லாம் பெரும பேசிட்டு வந்தேன்லக்கா... மிச்சம் இருந்தத நாம முடிச்சிட்டோம்."

குவளையைப் பிடித்திருந்தது செண்பகவல்லியின் கை. ஹாஷிமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு படம் அழுக்கோடு எடுத்திருக்கலாம், ஒன்றையாவது உலர்ந்தபடி விட்டிருக்கலாம். என்ன நினைத்து என்ன!

குகையில் சில்லுகள் கிடக்கும் செய்தி போய்ச் சேர, மறுநாள் ஹாஷிம் ஆட்களோடு வந்தார். குகைக்குள் கிடந்த சில்லுகளைத் தூரிகையால் தட்டி, பை பையாகப் போட்டார். ஒரு சில்லில் எவருடைய கட்டைவிரல் ரேகையோ பதிந்திருந்தது. அது போதும் என்றார். கல்லுடைக்கும் வேலை நின்றது.

தோட்டத்தில் தப்பு மேளம் முழங்கியது. மூவருக்கும் மாலை விழுந்தது. "மலையைக் காப்பாத்தினவங்க!" என்று கடைக்காரர் எல்லாருக்கும் காப்பி ஊற்றினார். அந்தக் கூட்டத்தின் நடுவே ஹாஷிம் செண்பகவல்லியிடம் மலாயில் கேட்டார். "வில்லைகளில் படம் ஏதாவது இருந்ததா?"

"கப்பல் இருந்துச்சு. கீழே எழுத்து."

"சில்லுகளில் அப்படி எதுவும் இல்லையே. முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லையா?"

மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. "இல்ல ஐயா. நான்தான் கழுவினேன்."

ஹாஷிம் கண்ணை மூடித் திறந்தார். கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் கப்பல் என்று என்னால் எழுத முடியாது," என்றார்.

பின்னால் யாரோ சொன்னார்கள். "அப்பனப் போலவே பொண்ணு! கப்பல் பாத்திருக்கு!" பழைய சிரிப்பு ஒரு சுற்று வந்தது. பொல்லாத சிரிப்பு இல்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள். மாலை போட்ட கையால்தான் அவள் முதுகைத் தட்டினார்கள்.

வீராசாமி காலை இழுத்து இழுத்து அவளிடம் வந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"உங்க வார்த்தைய நிரூபிக்கப் போயி, இருந்த ஒண்ணையும் கரைச்சிட்டேன்ப்பா."

அவர் குரலைத் தாழ்த்தி, "பாய் எத்தன இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு. முன்னால இருந்தது சின்னது."

இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை ஒருவர்கூடக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"ஆமா," என்றார் வீராசாமி. கண் நிறைந்துவிட்டது. "சின்னதுதான்."