பதில் விசில்

அக்காவின் பூட்ஸ் கதவோரத்து மரத்தட்டிலேயே இருந்தது. மேல்தடத்தில் வழிக்கம்பங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் கிளம்பியவள், கூர்ங்கல்லும் பனிக்கட்டியுமான அந்த வழியில் எதை மாட்டிக்கொண்டு போனாள்? பழைய ஜோடி ஒன்று வைத்திருப்பாள் என்று தங்கை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அக்கா விஷயத்தில் அவள் எதையும் நோண்டிப் பார்ப்பவள் இல்லை. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதுவரை எல்லாமே அக்காதான்.

தங்கை இந்தத் தேசியப் பூங்காவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கீழே நகரத்துப் புகையில், குளிர் தொடங்கினாலே அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலும் மூக்கில் மாட்டிய குழாயுமாகப் பொழுது போகும். "பேசாம மேல வந்துடு குட்டி. இங்க காத்தே மருந்து. உன் நெஞ்சுக் கரகரப்பு போன இடம் தெரியாது" என்று அக்கா போனில் கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டாள். பொய் சொல்லக் கூடாது, வந்த மறுநாளே மூச்சு லேசாகிவிட்டது. கோடையில் நடைபயணக்காரர்களும் கூடாரம் அடிப்பவர்களும் பாறை ஏறுபவர்களும் முட்டி மோதும் மலைவிடுதி, சீசன் முடிந்து வெறிச்சோடிக் கிடந்தது. வருடம் முழுக்க மனுஷர் குடியிருக்கிற இடமா அது என்று கீழே ஆளாளுக்குச் சொன்னார்கள். விடுதியைப் பார்த்துக்கொண்டு அக்கா இருந்தாளே! அதில் தங்கைக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேலைமுறை இருந்தது. மூடுபனி இறங்கினால் கூரை மணியை விட்டு விட்டு அடிக்க வேண்டும். தடத்தில் இருப்பவர்கள் மணி கேட்டதும் விசில் ஊதிப் பதில் சொல்வார்கள், சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்வார்கள். கடைசி ஆள் உள்ளே வரும்வரை கயிற்றை விடக் கூடாது. "இப்பல்லாம் பனி எப்ப இறங்கும்னே சொல்ல முடியல. பருவமே தலைகீழாப் போச்சு. இறங்குச்சுன்னா நீ பாட்டுக்கு அடிச்சுட்டே இரு. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாத" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிற்பகல் வெயில் சாய்வதற்கு முன்பே பனி வந்தது. முதலில் எதிர்ச்சரிவின் மரங்கள் போயின, பிறகு வேலி போயிற்று, பிறகு வாசற்படியும் போய், ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உலகம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் ஒரே வெள்ளையாக நின்றது. ஈரக் கம்பளியும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. தங்கை கூடத்தின் நடுவில் தொங்கிய கயிற்றை இழுத்தாள். தலைக்கு மேலே மணி கணீரென்றது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி இழுத்தாள்.

விசில்.

தூரத்தில், மேல்தடத்துப் பக்கம். அப்பாடா! "வா வா, சீக்கிரம் வா" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தாள். பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, கிழக்குச் சரிவிலிருந்து. அங்கே தடமே கிடையாது, செங்குத்துப் பாறைதான். எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த மணிக்குக் கிழக்கு விசில்தான் முதலில் வந்தது. எதிரொலி முந்திக்கொண்டு வருமா?

மேசைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அடிவாரத்து கேட் காவலர்.

"மேல யாரு மணி அடிக்கிறது?"

"நான்தாண்ணே. அக்கா மேல்தடத்துல மாட்டிக்கிட்டாங்க."

"உங்க அக்கா இங்கல்ல இருக்காங்க? நேத்தே பெட்டி படுக்கையெல்லாம் அனுப்பிட்டு, இன்னிக்கு ஜீப்ல வந்துட்டாங்களே. மாத்தல் கிடைச்சிடுச்சு, என் இடத்துக்கு ஆள் வந்தாச்சுன்னாங்க. அது நீங்கதானேம்மா?"

அவள் அக்காவின் அறைக்கு ஓடினாள். அலமாரி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இனி மலையே ஏறப் போகாதவளுக்குப் பூட்ஸ் எதற்கு? அவளுக்கு அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. வேறு யாராவது கழுத்தறுத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். தலை பின்னிவிட்ட கையை என்னவென்று திட்டுவது?

கூடத்தில் வாக்கிடாக்கி கத்திக்கொண்டிருந்தது. "தடத்துல ஆள் இல்லாதப்ப மணியைத் தொடவே கூடாதும்மா! சொல்லலையா உங்ககிட்ட? மேல போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கன்னா நினைச்சீங்க?"

மணி எப்போதோ நின்றிருந்தது. விசில்கள் நிற்கவில்லை. கிழக்கில், வடக்கில், பின்கட்டில். ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு நெருங்கின. அவள் கதவைத் தாழிட்டாள். நெஞ்சுக்குள் மூச்சிரைப்பின் பழைய விசில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. மூச்சை இழுத்தாள். பாதிதான் உள்ளே போயிற்று.

"அண்ணே, வண்டி அனுப்புங்க. தயவுசெஞ்சு அனுப்புங்க."

"குட்டி."

வாக்கிடாக்கியில் அக்காவின் குரல். பக்கத்தில் நின்று பேசுவதுபோல்.

"அக்கா... என்னக்கா இது?"

"கோச்சுக்காதடி. மேல போய்த் திரும்பி வராதவங்க. பக்கத்துலேயே இருப்பாங்க, அவ்வளவுதான். கூட ஒரு ஆள் வேணும் அவங்களுக்கு. இத்தனை நாள் நான் இருந்தேன். எத்தனை பேரைக் கேட்டுப் பார்த்தேன் தெரியுமா? யாரும் வரல."

"அதனால என்னை வரச் சொன்னியா?"

"நீதான் நான் கூப்பிட்டா ஏன்னு கேக்காம வருவ."

அவ்வளவுதான். கீழே ஜீப் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அப்புறம் இரைச்சல் மட்டும். அவள் "அக்கா, அக்கா" என்று அந்தக் கருப்புப் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். மூச்சு முட்டி, குரல் பாதியில் நின்றது.

வெளியே விசில்கள் ஓய்ந்தன. எல்லாம் ஒரே நேரத்தில்.

வாசலில் காலடிகள். அவசரமில்லாத காலடிகள். சேற்றைப் படியில் தேய்த்து உதறிவிட்டு வரும், நாகரிகம் தெரிந்த விருந்தாளிகளின் காலடிகள். தாழ்ப்பாள் அதுபாட்டுக்கு நகர்ந்தது.

கதவு திறந்தது. பனி வந்தது. பனிக்குள் ஆட்கள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, மலையேறுகிறவர்கள் கட்டிக்கொள்வதுபோல் இடுப்போடு இடுப்பு ஒரே கயிற்றில் கோக்கப்பட்டு. மழைக்கோட்டின் தொப்பிகளுக்குள் முகம் என்று எதுவும் தெரியவில்லை. பெரியவர்கள். ஒரு சின்ன உருவமும் உண்டு. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. அவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

கயிற்றின் கடைசி வளையத்தில் மட்டும் ஆள் இல்லை.

ஒருவர் அதை இரு கையாலும் விரித்தார். பொறுமையாக. அவள் பின்னால் நகர்ந்தாள். பின்னாலும் அவர்கள். வளையம் தலைவழியாக இறங்கி, தோளைத் தாண்டி, இடுப்பில் வந்து இறுகியது.

கயிறு முழுக்க நனைந்து ஐஸாகக் குளிர்ந்தது. வளையம் மட்டும் நனையவில்லை. அக்காவின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.