உயிர் நீங்கிய சொற்கள்

சனிக்கோளைச் சுற்றிவரும் பொன்வளைய நிலையத்தில், பணிக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் குரற்கதவின் முன் நின்று ஏதேனும் ஒரு சொல்லை உரைத்தல் வேண்டும். சிலர் ‘வணக்கம்’ என்பர். பசித்தவர் ‘இட்லி’ என்பர். சொல் எதுவாயினும் கதவுக்குக் கவலை இல்லை. அதனுள் இருந்த மயக்கமானி என்னும் கருவி, எந்த மெய்யெழுத்தின் அருகில் எந்த மெய்யெழுத்து வந்து நிற்கிறது என்னும் மெய்ம்மயக்கத்தை மட்டுமே நோக்கும். ங் என்பதன் பின் க் வரலாம், ட் வரலாகாது. சொல்லின் முதலில் இரு மெய்கள் கூடி நிற்றலும் ஆகாது. ஆகவே, படித்த பொறியாளர்கூட ‘ஸ்பேனர்’ என்று சொல்லிக் கதவில் முட்டிக்கொண்டு, பின்னர் ‘இசுபேனர்’ எனத் திருத்திக்கொள்வார்.

விதி வேடிக்கையாகத் தோன்றினாலும் காரணம் கொடியது. ஆளற்ற சிதைகலங்கள் சில, தம் இரைச்சலாலேயே முன்னாளைய கதவுகளைத் திறந்து உள்ளே மோதியிருந்தன.

அன்று வெளிக்கதவின் முன் பழங்கலம் ஒன்று வந்து நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. மயக்கமானியின் திரையில் எழுத்துகள் தோன்றின:

க்ழ்ந்த் ம்ய்ங்க்த். க்த்வ் த்ற்ங்க்.

‘வெற்றோசை’ எனத் தீர்ப்பளித்தது கருவி.

“இரும்பு உரசுதுக்கா. தள்ளி விட்டுரலாம்,” என்றான் கதவுப் பொறியாளன் ஞானசெல்வம்.

செவிப்பணி அலுவலர் மங்கையர்க்கரசி திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. கருவியின் தீர்ப்பை மாற்றும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அவள் கணிப்புத் தவறினால், நிலையத்தின் காற்று முழுவதும் வெளியேறிவிடும்.

“இரு செல்வம். ந்த் வருது பாரு. இங்க ங்க் வருது, அங்கயும் ங்க் வருது. இனம் இனத்தோடதான் நிக்குது. இரும்புக்கு இனம் தெரியுமா?”

“நீங்க குழாய் ஒழுகுனாக்கூட அதுக்கு உரை எழுதுவீங்க!”

“நடுவுல உயிரெழுத்தப் போட்டுப் படிச்சுப் பாரேன்.”

அவன் சிரித்துக்கொண்டே தொடங்கினான். “க்ழ்ந்த்... கழந்த... குழந்தை...” சிரிப்பு நின்றது. “குழந்தை மயங்குது. கதவத் தொறங்க. அக்கா, மனுசங்கக்கா!”

மங்கையர்க்கரசிக்கு மெய் சிலிர்த்தது. இது சனியின் பனிநிலவில் உள்ள குமிழ்க்குடிச் சுரங்கத்துக் கலமாகத்தான் இருக்க வேண்டும்; அதனோடு தொடர்பு அறுந்து மூன்று தலைமுறை ஆயிற்று. அங்கே காற்று அளந்தே விடப்பட்டது. உயிரெழுத்தை ஒலிக்க வாயைத் திறத்தல் வேண்டும், மூச்சு செலவாகும். ஆகவே அம்மக்கள் தம் உயிரைக் காக்க உயிரெழுத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். எனினும், எந்த மெய் எதனோடு சேர்ந்து நிற்கும் என்னும் பழைய உறவு மட்டும் அவர்கள் நாவில் அறாமல் இருந்தது. எத்தனை இருளையும் குளிரையும் கடந்து அது வந்திருக்கிறது!

அவள் ‘பேச்சு’ எனப் பதிந்தாள். கதவு திறந்தது.

மெலிந்த பெண் ஒருத்தி, கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி தள்ளாடி உள்ளே வந்து தரையில் அமர்ந்தாள். நிலையத்தின் காற்று பட்டதும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. அது வாயைத் திறந்தது. அக்கணமே தாய் பதறி, உள்ளங்கையால் அவ்வாயைப் பொத்தினாள்.

“ச்ச்! க்த்த் வ்ண்!”

காற்று வீணாகிறதாம். மங்கையர்க்கரசி அவள் அருகில் மண்டியிட்டாள்.

“விடும்மா, அழட்டும். இங்க காத்து நெறய இருக்கு.”

தாய் நம்பவில்லை, ஞானசெல்வத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

“நெசந்தாங்க. எவ்வளவு வேணும்னாலும் அழலாம்,” என்றான் அவன்.

தாயின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. நெடிய ‘ஆ’ ஒன்று எழுந்து நடைவழி எங்கும் நிறைந்தது. அவள் திகைத்துப்போய்க் குழந்தையின் வாயருகே தன் காதைக் கொண்டுபோனாள். தன் மகளின் குரலை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.